பாவையின் முகம் அசையாது. பாவம் எப்படி வரும்?

மேடைத்தூசி | ஜூன் 3, இரவு 9.40

பாட்டி வடை சுட்ட கதை, நிழற்பாவையில், 12 நிமிடம். திரைக்குப் பின்னால் மூன்று பேர், முன்னால் 40 குழந்தைகள், இருட்டாக்கிய ஒரு வகுப்பறை. பாட்டி, காகம், நரி மூன்றையும் கறுப்பு சார்ட்டில் வெட்டியாயிற்று. பாட்டிக்கு 9 மூட்டு, நரிக்கு 7. ஆட்டினால் கொடியில் காயும் துணி மாதிரி ஆடுகின்றன, உயிர் இல்லை. கண், வாய், சுருக்கம் என்று முகத்தை நுணுக்கமாக வெட்டியும் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் 20 வாட் எல்இடி ஃப்ளட் லைட். புருவத்துக்கும் தாடைக்கும் இன்னும் இரண்டு மூட்டு வைத்தால் முகபாவம் வந்துவிடும் என்பது என் கணக்கு. சரியா?

நிழல்வெட்டி | ஜூன் 3, இரவு 10.15

தப்பு. மூட்டைக் குறையுங்கள்.

ஒரு பாவைக்கு எத்தனை குச்சி பிடிக்கப் போகிறீர்கள்? மிஞ்சிப்போனால் மூன்று. ஒன்று உடலைத் தாங்கும், மற்ற இரண்டும் இரண்டு உறுப்பை ஆளும். 9 மூட்டில் ஆறேழு மூட்டு யார் சொல்லையும் கேட்காமல் தொங்குகிறது. பார்க்கிறவர் கண் அசைவைத் தேடித்தான் போகும். பாட்டி யோசிக்கிற நேரத்தில் அவள் கணுக்கால் ஆடினால் கண் கணுக்காலுக்குப் போய்விடும். அந்தக் கொடித்துணி ஆட்டம் கோமாளிக்குப் பொருந்தும். நம் தோல்பாவைக்கூத்தின் கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அப்படித் துள்ளினால் சிரிப்பு. பாட்டி துள்ளினால் வலிப்பு.

ஒடிசாவின் ராவணசாயா பாவைகளில் மூட்டே கிடையாது, நிறமும் கிடையாது. பாலக்காட்டுத் தோல்பாவையில் பெரும்பாலும் ஒரு கை மட்டும் அசையும். ஜாவாவின் வயாங் குளிட்டில் தலையும் உடலும் காலும் ஒரே தோல். தோளும் முழங்கையும் மட்டும் மூட்டு. இந்த மூன்றும் ராத்திரி முழுக்கக் கூட்டத்தை உட்கார வைத்த கலைகள்.

நிழல்வெட்டி | ஜூன் 3, இரவு 10.32

விட்டுப்போனது. பாட்டிக்கு மூன்று மூட்டு போதும்: பிடரி, தோள், இடுப்பு. கரண்டி பிடித்த கையை முழங்கையில் மடித்த நிலையிலேயே ஒரே துண்டாக வெட்டுங்கள். கால் வேண்டாம், புடவை தரையைத் தொடட்டும். நரிக்குத் தலை, வால். காகத்துக்குக் கீழலகு, ஒரு இறக்கை.

பிடரி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்லோரும் தலையின் மூட்டைக் காதுக்குக் கீழே, தலையின் நடுவில் வைத்துவிடுகிறார்கள். அப்போது தலை வண்டிச்சக்கரம் போல இருந்த இடத்திலேயே சுற்றும். மூட்டு கழுத்தின் அடியில், முதுகுப் பக்கமாக இருந்தால் தலை முன்னால் நகர்ந்து கீழே இறங்கும். யோசனை, தூக்கம், வெட்கம், துக்கம் எல்லாம் அந்த ஒரே அசைவுதான். வேகமும் அளவும்தான் மாறும்.

வயர்மேன் | ஜூன் 4, காலை 7.05

மூட்டு இருக்கட்டும். முகம் தெரியாததற்கு அந்த ஃப்ளட்தான் காரணம். ஒளி புறப்படும் பரப்பு பெரிதானால் நிழலின் ஓரம் கலங்கும். கலங்கல் எவ்வளவு என்றால், ஒளிப்பரப்பின் அகலத்தைப் பாவைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்குக்கும் பாவைக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். விளக்கு திரையிலிருந்து 150 செ.மீ., பாவை நடுவில் 75 செ.மீ. என்றால் நிழல் இரண்டு மடங்கு பெரிதாகும், கலங்கல் ஒளிப்பரப்பின் அகலம் அளவுக்கே இருக்கும். ஃப்ளட்டில் ஒளிரும் பட்டை 4 செ.மீ. என்றால் கலங்கலும் 4 செ.மீ. அதில் எங்கே கண், எங்கே சுருக்கம்!

12 வோல்ட் 20 வாட் ஹாலஜன் கேப்சூல் பல்பு வாங்குங்கள். இழை 3, 4 மி.மீ.தான். கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும், பால் நிறக் கண்ணாடி ஆகாது. பின்னால் பிரதிபலிப்பான் கிண்ணம் இருந்தால் கழற்றிவிடுங்கள், அது இரண்டாவது நிழல் போடும். அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர். பல்பு கொதிக்கும், அட்டையும் துணியும் 30 செ.மீ.க்குள் வரக்கூடாது. சூடு வேண்டாம் என்றால் 3 வாட் ஒற்றைச் சில்லு எல்இடி, முன்னால் லென்ஸ் இல்லாமல், பின்னால் அலுமினியத் தகட்டோடு. மூன்று நிறம் கலக்கும் எல்இடி வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு நிழல் ஓரத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் பிரியும்.

ஒத்திகைக்கு மொபைல் டார்ச் போதும். சில மொபைலில் இரண்டு எல்இடி பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நிழல் இரட்டையாக விழும். அப்படியானால் ஒன்றைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள்.

உளிச்சத்தம் | ஜூன் 4, பகல் 1.20

அப்படிப் பார்த்தால் எண்ணெய் விளக்கில் ஆடிய நிழலெல்லாம் கலங்கலா? பாலக்காட்டுக் கூத்துமாடத்தில், அதாவது தோல்பாவைக்கென்றே கட்டிய மேடையில், 42 அடித் திரை, பின்னால் வரிசையாக 21 தேங்காய் மூடி விளக்கு. சுடர் ஒவ்வொன்றும் விரல் உயரம். இழை கணக்குக்கு அது எந்த ஊர்?

வயர்மேன் | ஜூன் 4, பகல் 1.48

அங்கே பாவை துணியை ஒட்டி ஆடுகிறது. உங்கள் கேள்வியை அதே கணக்கில் போடுங்கள்: 4 செ.மீ. பட்டை, பாவை திரையிலிருந்து 1 செ.மீ., விளக்கு 149 செ.மீ. தள்ளி. கலங்கல் கால் மில்லிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். ஆக, ஃப்ளட்தான் குற்றவாளி என்று காலையில் எழுதியது பாதிதான் உண்மை. பாவையைத் திரையிலிருந்து தள்ளிப் பிடித்ததும் சேர்ந்துதான் முகத்தைத் தின்றது.

நிழல்வெட்டி | ஜூன் 4, மாலை 6.30

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. ஒளிப்பரப்பு பெரிதாக இருந்தால் குச்சி மறையும். பாவை துணியோடு ஒட்டியிருக்க, குச்சி பின்னால் சாய்ந்து வருகிறது. திரையிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருக்கும் இடத்தில் 2 மி.மீ. கம்பியின் நிழல், 4 செ.மீ. பட்டை முன்னால் கரைந்தே போகும். ஹாலஜன் இழை முன்னால் அதே கம்பி கோடு போட்டது போல நிற்கும். எண்ணெய் விளக்குக்காரர்கள் கணக்குப் போடவில்லை, கண்ணால் கண்டிருக்கிறார்கள். போதாததற்குச் சுடர் அசைவதால் நிழலே மூச்சு விடுவது போல இருக்கும். மின்விளக்கு அந்த இலவசத்தைக் கொடுக்காது, கையால்தான் ஈடுகட்ட வேண்டும்.

அதனால் இரண்டு விளக்கு வையுங்கள். பாவை துணியை ஒட்டி ஆடும் காட்சிக்கு ஃப்ளட், முன்னால் ஒரு பட்டர் பேப்பர். நரி பூதாகாரமாக வளர்ந்து வரும் காட்சிக்கு மட்டும் ஹாலஜன். இரண்டும் ஒரே நேரத்தில் எரியக்கூடாது, சுவிட்ச் ஒருவர் கையில் இருக்கட்டும்.

மேடைத்தூசி | ஜூன் 5, இரவு 8.10

ஒட்டிப் பிடித்தேன். முகம் வந்தது! ஆனால் சார்ட் வெளிச்சத்தில் பழுப்பாகத் தெரிகிறது, பாட்டியின் மூக்கு சுருண்டு திரையை விட்டு விலகுகிறது.

நிழல்வெட்டி | ஜூன் 5, இரவு 9.25

சார்ட் ஆகாது. மெலிசு, ஈரம் குடிக்கும், இரண்டு ஒத்திகையில் மடிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் கறுப்பு அட்டை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு சார்ட்டை ஒட்டலாம், ஆனால் ஒன்றின் இழையோட்டம் மற்றதற்குக் குறுக்காக வர வேண்டும். எந்தப் பக்கம் மடித்தால் எளிதாக வளைகிறதோ அதுவே இழையோட்டம். பெவிக்காலைத் தண்ணீராகக் கரைத்துத் தடவினால் அப்பளம் மாதிரி வளையும். கெட்டியாக, மெலிதாக, உருளையால் தடவி, ராத்திரி முழுக்கப் புத்தகச் சுமையின் கீழ் வையுங்கள்.

அட்டையைவிட நல்லது அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஃபைல் உறை. வளைத்தாலும் நிமிரும், ஈரம் ஏறாது. ஒளி ஊடுருவினால் ஒரு பக்கம் கறுப்பு ஸ்பிரே பெயிண்ட். சிலவகை பிளாஸ்டிக்கில் பெயிண்ட் உரியும், உப்புத்தாளால் முதலில் லேசாகத் தேய்த்துவிட்டு அடியுங்கள்.

உயரம்: 6 அடிக்கு 4 அடித் திரையில் பாட்டி நின்றால் 40 செ.மீ., குனிந்தால் 32. காகத்தை உண்மை அளவு விகிதத்தில் வெட்டினால் கடைசி வரிசைக்கு ஈ மாதிரி தெரியும். 18 செ.மீ. வையுங்கள், குழந்தைகள் யாரும் அளவுகோல் கொண்டு வரமாட்டார்கள்.

வெட்டும் வரிசை முக்கியம். உள்ளே இருக்கும் துளைகள் முதலில், வெளிக்கோடு கடைசியில். மாற்றி வெட்டினால் மெலிந்த பகுதி கையில் துவண்டு கிழியும். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள், அட்டையைத் திருப்புங்கள். கூரான உள்மூலை வரும் இடத்தில் முதலில் 2 மி.மீ. துளை போட்டு அதுவரை வெட்டி நிறுத்தினால் கிழிசல் ஓடாது. இரண்டு துளைகளுக்கு நடுவில் விடும் பாலம் 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது. புடவைக் கரைக்கும் தோட்டுக்கும் பெல்ட் கடையில் இருக்கும் சுழல் பஞ்ச் போதும்.

உளிச்சத்தம் | ஜூன் 6, காலை 11.00

தோலைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன். ஆட்டுத்தோல் ஒளியை ஊடுருவ விடும், அதனால்தான் கன்னியாகுமரிப் பக்கத்துத் தோல்பாவையிலும் ஆந்திராவின் தோலுபொம்மலாட்டத்திலும் நிழல் வண்ணத்தில் விழுகிறது. அட்டையில் இது வராது. ஒரே ஒரு பாவைக்காவது செய்து பார்க்க ஆசையிருந்தால் தபேலா கட்டுகிறவர்களிடம் முடி நீக்கிய தோல் கேளுங்கள். நனைத்து, பலகையில் சுற்றிலும் ஆணியடித்து இழுத்துக் காயவிட வேண்டும். கொதிநீர் பட்டால் தோல் சுருங்கிக் கட்டியாகும், வெதுவெதுப்பைத் தாண்டாதீர்கள். காய்ந்ததும் படத்தைத் தோலுக்கு அடியில் வைத்தால் கோடு தெரியும், ஊசியால் கீறி, மரக்கட்டை மேல் வைத்து உளியால் துளையுங்கள். மழைக்காலத்தில் தோல் துவளும், ஹாலஜன் பக்கத்தில் முறுக்கும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பலகைக்கு நடுவில் தட்டையாக வையுங்கள்.

நிழல்வெட்டி | ஜூன் 6, பகல் 12.40

12 நிமிடக் கதைக்குத் தோல் அதிகச் செலவு. வண்ணம் வேண்டுமானால் பழைய எக்ஸ்ரே தாளைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் கருமை கரைந்துவிடும். கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். அதன் மேல் ஓஎச்பி மார்க்கரோ கிளாஸ் பெயிண்ட்டோ பிடிக்கும். கலர் கண்ணாடித்தாள் ஒட்டினால் சூட்டில் சுருங்கும். அடுப்புத் தீக்கு மட்டும் அது சரி, சுருங்குவதே அழகு.

மேடைத்தூசி | ஜூன் 7, இரவு 7.55

ஸ்பிளிட் பின் (இரண்டு காலை விரித்து மடக்கும் பின்) போட்டால் மூட்டு இறுகிவிடுகிறது, தளர்த்தினால் தலை தொங்குகிறது. அதன் தலை திரைத் துணியிலும் மாட்டுகிறது.

நிழல்வெட்டி | ஜூன் 7, இரவு 9.10

பின்னைத் தூக்கிப் போடுங்கள். தூண்டில் நரம்பு, 0.8 மி.மீ. மூட்டில் 1 மி.மீ. துளை. நரம்பின் ஒரு முனையை எரியும் ஊதுவத்தியிடம் காட்டினால் உருகி மணியாகும். மறுமுனையை இரண்டு துண்டுகளிலும் கோத்து, 3 மி.மீ. விட்டு வெட்டி, அதையும் உருக்குங்கள். உருக்கும்போது இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் பழைய விசிட்டிங் கார்டைச் செருகிக்கொண்டு, ஆறியதும் உருவினால் சரியான இடைவெளி கிடைக்கும். தீக்குச்சியால் உருக்கினால் நரம்பு கருகிச் சொட்டும், அட்டையும் பற்றும். ஊதுவத்திதான் சரி.

இரண்டு துண்டும் ஒன்றின்மேல் ஒன்று படும் இடம் வட்டமாக இருக்கட்டும், ஆரம் 1 செ.மீ., துளை வட்டத்தின் மையத்தில். மையம் பிசகினால் கையைத் தூக்கும்போது தோளில் ஒரு கொம்பு முளைக்கும்.

தலை நிற்க வேண்டும், கை தொங்க வேண்டும். தலை மூட்டில் சைக்கிள் டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி நடுவில் வைத்து இறுக்குங்கள், வைத்த கோணத்தில் நிற்கும். கை மூட்டு தளர்வாக. அப்படியும் கை அந்தரத்தில் நின்றால் கனம் போதவில்லை; கரண்டியின் முகத்தில் ஒரு சின்ன வாஷரை ஒட்டுங்கள். நிழலில் எல்லாம் கறுப்பு, யாருக்குத் தெரியப்போகிறது.

குச்சிக்கு சைக்கிள் ஸ்போக்ஸ். அதன் வளைந்த முனையில் ஏற்கெனவே ஒரு தலை இருக்கிறது. கையில் துளை போட்டு அந்த முனையைக் கோத்து, பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினால் முடிந்தது. மறுமுனைக்கு மூங்கில் பிடி. உடலைத் தாங்கும் குச்சிக்கு மட்டும் மூங்கில் பட்டையைப் பிளந்து, பாவையைக் கவ்வ வைத்துக் கட்டுங்கள்.

வயர்மேன் | ஜூன் 8, காலை 6.50

எது வடை? உளுந்தா மசாலாவா?

உளிச்சத்தம் | ஜூன் 8, காலை 7.15

பாட்டி சுட்டது மசால் வடை. எங்கள் பக்கம் அப்படித்தான்.

நிழல்வெட்டி | ஜூன் 8, காலை 7.30

மசால் வடை நிழலில் வெறும் கறுப்பு வட்டம். இட்லியா, எருவாட்டியா, கல்லா என்று குழந்தைகள் ஏலம் போடும். உளுந்து வடைக்கு நடுவில் துளை உண்டு, ஒளி வரும், பார்த்தவுடன் வடை. திரையில் 7 செ.மீ. வடை, 2 செ.மீ. துளை. விவாதம் முடிந்தது.

உளிச்சத்தம் | ஜூன் 8, காலை 7.34

துளை உள்ள மசால் வடை வெட்டினால் என்ன?

நிழல்வெட்டி | ஜூன் 8, இரவு 10.20

வடைக்குச் சொன்னதுதான் முகத்துக்கும். உருவக்கோடு பேச வேண்டும், உள்கோடு உதவிக்கு மட்டும். பாட்டியின் பக்கவாட்டு முகத்தில் நெற்றி, மூக்கு, உள்வாங்கிய வாய், முன் நீண்ட மோவாய், பின்னால் கொண்டை. இந்த ஐந்தும் வெளிக்கோட்டில் வந்துவிட்டால் சுருக்கம் வெட்ட வேண்டாம். பொக்கைவாய் உள்வாங்கினால் வயது தானே வரும். கண்ணுக்கு ஒரே துளை, அது நீள்வட்டமாக, சற்றே கீழே பார்த்தபடி. வட்டக் கண் வைத்தால் 12 நிமிடமும் திகைத்தபடியே இருப்பாள்.

மூட்டு வேண்டாம் என்று முதல் நாள் அடித்துச் சொன்னதில் ஒரு திருத்தம். மனநிலை முழுதாக மாறும் இடத்தில் மூட்டைக் கூட்டுவதற்குப் பதில் பாவையைக் கூட்டுங்கள். ஜாவாவில் முக்கியப் பாத்திரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாவை உண்டு. முகத்தின் சாய்வு, தோளின் நிலை மாறும், அதற்கு வண்டா என்று பெயர். பாலக்காட்டிலும் ஒரே ராமனுக்கு இருக்கும் நிலை, நிற்கும் நிலை, நடக்கும் நிலை, போர் நிலை என்று தனித்தனிப் பாவை. உங்களுக்கு இரண்டு பாட்டி போதும்: வேலை செய்கிறவள், தூங்குகிறவள். மாற்றும்போது முதல் பாட்டியைத் திரையிலிருந்து விளக்குப் பக்கம் இழுங்கள், கலங்கிக் கரைவாள். அந்த இடத்திலேயே மற்றவள் துணியில் ஒட்டி வரட்டும். ஃப்ளட் வெளிச்சத்தில்தான் இது நடக்கும், ஹாலஜனில் பாட்டி கரையமாட்டாள், பூதமாக வளர்வாள்.

வயர்மேன் | ஜூன் 9, இரவு 8.30

திரை பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். 4 முழம் வெள்ளை வேட்டி 6 அடிக்கு 4 அடிச் சட்டத்துக்கு அப்படியே பொருந்தும். கரையைச் சட்டத்துக்கு உள்ளே மடித்து மறையுங்கள். முதலில் நடுவில் நான்கு பக்கமும் ஆணி, பிறகு மூலை நோக்கி. மூலையில் தொடங்கினால் சுருக்கம் போகாது. அடித்தபின் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் முரசு மாதிரி இறுகும். சட்டத்தின் மேல்விளிம்பு பார்வையாளர் பக்கம் 5, 6 டிகிரி சாயட்டும். பாவை தானாகத் துணியில் படுக்கும், கை வலிக்காது.

விளக்கு துணி வழியாகக் கண்ணைக் குத்தக்கூடாது. குழந்தைகள் தரையில் உட்கார்ந்தால் கண் உயரம் 80 செ.மீ. திரையின் கீழ்விளிம்பை 90 செ.மீ.க்கு உயர்த்தி, விளக்கை 85-இல் வையுங்கள். யார் கண்ணுக்கும் விளக்குக்கும் நேர்கோடு துணி வழியாகப் போகாது. பின்னால் ஆசிரியர்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் விளக்கை 65-க்கு இறக்க வேண்டும். ஆட்டுகிறவர்கள் தரையில் உட்கார்ந்து, கையைத் திரையின் கீழ்விளிம்புக்கு மேல் கொண்டுவரக்கூடாது.

மேடைத்தூசி | ஜூன் 14, இரவு 9.50

எல்லாம் மாற்றியாயிற்று. பாட்டி வடை சுடுகிறாள், நரி நரியாகவே இருக்கிறது. இரண்டு சிக்கல். தூங்கும் பாட்டியைப் பார்த்து ஒத்திகையில் ஒரு பையன், "பாவம், பாட்டி செத்துப் போச்சு" என்றான். வடை விழுவது யாருக்கும் தெரியவில்லை. நூலில் கட்டி விட்டுவிடுகிறோம், கண்மூடித் திறப்பதற்குள் கீழே கிடக்கிறது.

உளிச்சத்தம் | ஜூன் 14, இரவு 10.05

கேட்ட பாவம் கிடைத்துவிட்டது.

நிழல்வெட்டி | ஜூன் 14, இரவு 10.40

தூங்குகிறவளுக்கு மூச்சு வேண்டும். இடுப்பு மூட்டுக்கு மேலே உள்ள உடலை 5 மி.மீ. உயர்த்துங்கள், இரண்டு எண்ணிக்கை. நிறுத்துங்கள், ஒரு எண்ணிக்கை. இறக்குங்கள், மூன்று எண்ணிக்கை. இறக்கம் ஏற்றத்தைவிட மெதுவாக இருப்பதுதான் தூக்கம். சமமாக இருந்தால் பம்பு. மற்ற பாவைகளுக்கும் இந்த மூச்சு பொருந்தும்: பேசுகிற பாவை மட்டும் அசையட்டும், கேட்கிற பாவை மூச்சு மட்டும் விடட்டும். இரண்டும் ஆடினால் யார் பேசுகிறார்கள் என்று குழந்தைகளுக்குப் புரியாது. நரி காகத்தைப் புகழும்போது காகம் அசையாமல் நின்று, கடைசியில் தலையை மட்டும் 10 டிகிரி திருப்பினால் ஆசை வந்துவிட்டது என்று அர்த்தம்.

வடைக்கு நூல் வேண்டாம். 40 செ.மீ. உயரத்திலிருந்து தானாக விழ ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகாது. அதில் கண் பிடிக்க நேரமில்லை. வடைக்குத் தனி ஸ்போக்ஸ், தனி ஆள். அலகு திறக்கட்டும், அதற்கு அரை எண்ணிக்கை கழித்து "கா". வடை அந்தரத்தில் ஒரு எண்ணிக்கை நிற்கட்டும். காகம் கீழே பார்க்கட்டும். அதன் பிறகு வடை இறங்கட்டும், ஒரு முழு வினாடி. இயற்பியல் ஆசிரியர் யாராவது பார்க்க வந்தால் மன்னித்துக்கொள்வார்.

வயர்மேன் | ஜூன் 15, காலை 7.00

கீழலகை ஆட்ட ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் ஆட்டத்துக்கு முந்தின நாள் புதிது மாற்றுங்கள். வெயிலில் இற்றுப்போய் சரியாக "கா" நேரத்தில் அறுந்துபோகும்.

மேடைத்தூசி | ஜூன் 15, இரவு 8.20

மூச்சு வேலை செய்கிறது. அதே பையன் இன்று திரைக்கு முன்னால் வந்து, "பாட்டி, காக்கா எடுக்குது பாரு" என்று எழுப்பப் பார்த்தான். வடைக்கு ஆள் இல்லை. மூன்று பேருக்கும் இரண்டு கையும் நிறைந்துவிட்டது.

நிழல்வெட்டி | ஜூன் 15, இரவு 8.45

பாட்டி அப்போது தூங்குகிறாளே, அவளை ஆட்டுகிறவருக்கு ஒரு கை சும்மாதான் இருக்கும். தூங்கும் பாட்டியின் அடிக்குச்சியைத் திரைக்குக் கீழே ஒரு வாழைத்தண்டில் குத்தி நிறுத்துங்கள், ஜாவாவில் அப்படித்தான். இடது கை மூச்சுக்கு, வலது கை வடைக்கு.